மச்சான் பிடித்த கயிறு

நான் சொன்ன ஒரு கேலியைக் கேட்டு என் நண்பன் ஒரு கொலையைச் செய்துவிட்டான் என்று கொஞ்ச நாள் முழுமனதாக நம்பியிருந்தேன். கேலி என்னுடையது, கொலை அவனுடையது, தூக்கு இருவருக்கும் என்று பங்கு பிரித்தும் வைத்திருந்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வந்தது வயிற்றுப்போக்கு.

தூத்துக்குடிக் கடற்கரையில் எனக்கு ஒரு காப்பிக்கடை இருந்தது. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். சீனி கிடைக்காத ஊரில் கருப்பட்டிக் காப்பி விற்கிறவன் ராஜா. தோணியில் சரக்கு ஏற்றுகிறவர்கள், துறைமுகத்துக் குமாஸ்தாக்கள், சங்கு குளிக்கப் போகிறவர்கள் எல்லாரும் என் பெஞ்சில்தான் வந்து உட்காருவார்கள். என் பேச்சுக்காக வருகிறார்கள் என்று நான் சொல்வேன். பக்கத்தில் வேறு கடை இல்லை என்று என் மனைவி சொல்வாள்.

நண்பனுக்கும் எனக்கும் ஒரே வயது. இருவருமே நாற்பதைத் தாண்டிவிட்டோம். அவன் கடற்கரைத் தெருவில் தலைமுறை தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். எங்கள் ஆட்கள் பனங்காட்டிலிருந்து கடைத்தெருவுக்கு வந்தவர்கள். பனையில் ஏறுகிறவனுக்கும் கடலில் இறங்குகிறவனுக்கும் என்னலே சிநேகிதம் என்று யாராவது கேட்டால், நடுவே தரையில் சந்தித்துக்கொண்டோம் என்பேன். நான் பேசுவேன், அவன் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்கிறான் என்றுதான் அன்று நினைத்திருந்தேன்.

அவனுக்கு வேலை கயிறு பிடிப்பது. முத்துக்குளிப்பு நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. சங்குதான் அப்போது சோறு போட்டது. குளிக்கிறவர் ஒரு பெரிய கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மூச்சு முட்டும்போது அந்தக் கயிற்றைச் சுண்டுவார். தோணியில் நிற்கிறவர் இழுத்து ஏற்றவேண்டும். சுண்டவேண்டிய நேரத்துக்குச் சுண்டாவிட்டால் கேள்வி கேட்காமல் இழுக்கவேண்டும்.

அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பியிடம் கொடுக்கமாட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் வீடு உண்டு, வாசல் உண்டு, அதன் பேரில் மனஸ்தாபமும் உண்டு. மச்சானுக்கு அப்படியில்லை. கீழே இருப்பவன் செத்தால் அறுபடுவது அவனுடைய தங்கச்சி தாலி. கையை எப்படி விடுவான்?

இன்னும் இரண்டு கட்டுப்பாடு உண்டு. கயிறு பிடிக்கிறவன் தன் கயிற்றைத் தவிர வேறு எதையும் பார்க்கக்கூடாது, பக்கத்தில் நிற்கிறவன் வேட்டி தீப்பற்றினாலும் திரும்பக்கூடாது. எது நடந்தாலும் அவன் தண்ணீரில் இறங்கவும் கூடாது.

என் நண்பன் தன் தங்கச்சியின் புருஷனுக்குக் கயிறு பிடித்தான். அந்தப் புருஷன் நல்ல குளியாளி. நன்றாகப் பாடுவான். கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்தால் அவளை அடிப்பான். "கடல்ல இருக்க வரைக்கும் நல்ல மனுசன், அண்ணாச்சி. கரையிலதான் சரியில்ல" என்று அவள் ஒருமுறை என் மனைவிக்கு முன்னால் என்னிடம் சொன்னாள். அப்போது அவள் கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது.

அதைப் பார்த்த மறுநாள்தான் நான் கேலி செய்தேன். நண்பன் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சரியில்லை. ஒருவன் முகம் சரியில்லாவிட்டால் அங்கே ஒரு கேலியை வைக்காமல் என்னால் இருக்கமுடியாது. எங்கள் குடும்பத்தில் சிலருக்கு ஆஸ்துமா, எனக்கு இது.

"ஏலே, என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? கயிறு ஒன் கையிலதான இருக்கு" என்றேன்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அதே வாரம் ஒரு நாள் மத்தியானம் தோணிகள் சீக்கிரமாகவே திரும்பின. சங்கு குளிக்கப் போன தோணி பொழுது சாயுமுன் வந்தால் கடற்கரையில் பெண்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். ஒரு தோணியிலிருந்து தங்கச்சி புருஷனைப் பிணமாகத் தூக்கி இறக்கினார்கள். நெற்றியில் ஆழமாகக் கிழிந்திருந்தது. பின்னாலேயே என் நண்பன் இறங்கினான். தலையிலிருந்து கால்வரை அவன் நனைந்திருந்தான்.

அந்த ஈரம்தான் ஊரைப் பேசவைத்தது. கயிறு பிடிக்கிறவன் எப்படி நனைவான்? அந்தத் தோணியில் கயிறு பிடித்த மற்றவர்களைக் கேட்டால், எங்களுக்கு எங்கள் கயிறுதான் தெரியும் என்றார்கள். தண்ணீர் தெறித்த சத்தம் கேட்டதாம். தங்கள் ஆளை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவன் நின்ற இடம் காலியாம். பிறகு அவன் தண்ணீருக்குள்ளிருந்து தங்கச்சி புருஷனைக் கட்டிப்பிடித்தபடி மேலே வந்தானாம். அவ்வளவுதான். மீதியை என் கடைப் பெஞ்சு சொல்லி முடித்தது. தங்கச்சியை அடித்தவன், நெற்றியில் காயம், கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போன மச்சான். என்ன செய்யப் போனான்?

பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துவிட்டு உடம்பைக் கொடுத்தார்கள். என்ன கண்டார்கள் என்று எங்களிடம் யார் சொல்லப்போகிறார்கள். அடக்கம் முடிந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் நண்பனைக் கூப்பிட்டு, ஊரை விட்டுப் போகக்கூடாது, தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து முகம் காட்டவேண்டும் என்றார். சீக்கிரம் உள்ளே வைத்துவிடுவார் என்று எல்லாரும் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எல்லாரும் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் போனபோது அவன் மட்டும் முழங்காலில் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நன்மை வாங்காதவன் மனதில் பெரிய பாவம் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இனி கோர்ட்டு எதற்கு என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கு அவனைப் பற்றிய கவலை இருந்தது. அதைவிட என்னைப் பற்றிய கவலை பெரிதாக இருந்தது. கயிறு ஒன் கையிலதான இருக்கு. எத்தனை பேர் கேட்டார்கள் அதை? தூண்டிவிட்டவனுக்கும் அதே தண்டனை உண்டா என்று ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் யாரோ ஒரு மூன்றாம் மனிதனுக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். "உண்டு அண்ணாச்சி, ஒங்களுக்கு என்னத்துக்கு?" என்றான். எனக்கில்லை என்று மூன்று முறை சொன்னேன்.

திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்தேன். என் தலையில் அவருக்குக் கொடுக்க அப்போதே அதிகம் மிச்சமில்லை, ஆகவே ஜாமீன் பற்றாது என்று ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாளுக்கும் ஒரு நேர்ச்சை வைத்தேன். இது நடந்தது வேதக்காரத் தெருவில் என்பதால் மாதாவுக்கும் ஒரு மெழுகுதிரி.

போலீஸ்காரர் ஒருவர் வழக்கமாகக் காலையில் வந்து காப்பி குடிப்பார். அன்றும் வந்து உட்கார்ந்து தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலங்க" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலியே, அண்ணாச்சி" என்றார்.

காப்பியில் அன்று உப்புப் போட்டிருந்தேனாம். ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார். அன்று முழுக்க எனக்கு உள்ளே எதுவும் தங்கவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்க பேச்சக் கேட்டு என்னைக்காவது ஒரு மனுசன் ஒரு காரியம் செஞ்சிருக்காகளா? நம்ம வீட்டுப் பூனை எந்திரிச்சு அங்கிட்டு நகந்திருக்கா? இதுல கொலை செய்யுதாகளாம்."

"நீ வெளங்காமப் பேசுத."

"நானா? ஒங்களுக்கு அவர விட ஒங்க கேலி பெருசாப் போச்சு. அந்த மனுசன் சாப்பிட்டாரா, தூங்குனாரான்னு போயிப் பாத்தீகளா?"

பார்க்கவில்லை. அவனோடு சேர்த்து என்னை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் அந்தத் தெருவுக்கே நான் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் அவனே வந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருவர் பாதிக் காப்பியை வைத்துவிட்டுப் போனார். கடை அடைக்கிற நேரம் என்று சொல்ல வாயெடுத்தேன். மத்தியானத்தில் எந்தக் கடையை அடைப்பது? அவனைப் பின்கட்டு அடுப்படிக்குள் கூட்டிப்போய் ஒரு பலகையில் உட்காரவைத்தேன். தாடி வளர்ந்து, சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டே டம்ளரை நீட்டியதில் காப்பி அவன் முழங்காலில் கொட்டியது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"ஏலே" என்று மெதுவாகத் தொடங்கினேன். "அன்னைக்கி நான் சொன்னத மனசுல வச்சுத்தான் நீ..."

"என்ன சொன்ன?"

"அதான், கயிறு..."

"என்ன கயிறு?"

அவன் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே தெரியவில்லை. நான் தூக்குமேடை வரைக்கும் சுமந்துகொண்டு போன வார்த்தை அவன் காதிலேயே விழவில்லை. நிம்மதியாக இருந்தது. ஒரு ஓரத்தில் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

"நீ எப்பமும் என்னத்தையாவது சொல்லிக்கிட்டேதான இருப்ப" என்றான் அவன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் கொல்லல. ஆனா ஒண்ணு இருக்கு."

நேரமாகியும் கயிறு சுண்டவில்லை. உடனே இழுத்திருக்கவேண்டும். அவன் இழுக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றிருக்கிறான்.

"தங்கச்சி கன்னம் கண்ணு முன்னாடி வந்துது. வந்துதான் நின்னேனா, சும்மாதான் நின்னேனா, எனக்கே தெரியல. பெறகு இழுத்தேன். வரல. எங்கனயோ மாட்டிக்கிட்டு. குதிச்சிட்டேன். அந்த ஒரு மூச்சுலதான் அவம் உசிரு போச்சோ என்னமோ."

இதுவரை நான் பயந்தது என் வாயிலிருந்து போன ஒரு வார்த்தைக்கு. இப்போது அவனைத் தூக்கில் போடக்கூடிய வார்த்தை என் காதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. போலீஸ்காரர் கேட்டால் என்ன சொல்வேன்? என்னை யாராவது உறுத்துப் பார்த்தாலே போன பிறவியில் செய்ததையும் சொல்லிவிடுகிற ஆள் நான்.

அப்போதுதான் பின்வாசல் கதவு அசைந்தது. அவனுடைய தங்கச்சி நின்றிருந்தாள். அவனைத் தேடி வந்திருக்கிறாள். புருஷனை அடக்கம் செய்த ஈரம் காயாமல் வெளியே வரக்கூடாது என்று பின்வழியாக வந்தவள், எவ்வளவு நேரமாக நின்றாளோ. நான் இருக்கிற டம்ளர்களையெல்லாம் எடுத்து, கழுவினவற்றையே மறுபடி கழுவத் தொடங்கினேன்.

"கோயில்ல நன்மை வாங்காம இருந்தது இதுக்குத்தானாண்ணே?" என்றாள்.

அவன் தலையசைத்தான்.

"சாமியார்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். பாவத்த மன்னிச்சு அனுப்பிட்டாரு."

"பெறகு என்ன?"

"அவரு மன்னிச்சு என்ன செய்ய? புருசன் அவருக்கா செத்தான்?"

அடுப்பில் கருப்பட்டிப் பாகு கொதித்து வழிந்தது. நான் எடுத்து வைக்கவில்லை. அவள்தான் முந்தானையால் பிடித்து இறக்கி வைத்தாள். பிறகு அண்ணன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு ஒரு மூச்சு நேரம் தோணிச்சு. எனக்கு? அவுக கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும், இன்னைக்கு வராமப் போனா என்னன்னு நெனச்சிருக்கேன். நெனச்சுக்கிட்டேதான் சோறும் பொங்கி வச்சிருக்கேன். வந்து நின்னா சந்தோசமாவும் இருக்கும். இதுக்கு என்னை எந்தப் போலீசு வந்து கேட்டுது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்குத. நான் யார்ட்டண்ணே கேக்கட்டும்? அவுக போயிட்டாக. அவுகளையும் நான் மன்னிக்கணும், அது வேற கெடக்கு. ஒண்ணு ஒண்ணாத்தான் வரும். மொதல்ல ஒன்னய மன்னிக்கேன். நீ போயிச் சாப்பிடு."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் அவன் முழங்காலில் கொட்டிக் காய்ந்திருந்த காப்பிக் கறையை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கேலி எதுவும் வரவில்லை. வாழ்நாளில் அதிகம் நடக்காத காரியம்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, மேல இருந்தவுகளக் கேட்டு என்ன ஆகப்போகுது? அவுகவுகளுக்கு அவுகவுக கயிறுதான் தெரியும். கீழ ஒருத்தரு இருந்தாருல்லா. அதே தோணியில குளிச்ச வேம்பார்க்காரரு. காதுல ரத்தம் வந்து, காய்ச்சலோட நெனவில்லாமக் கெடந்தவர அன்னைக்கே ஊருக்குக் கொண்டு போயிட்டாக. அவரயில்ல கேக்கணும். அண்ணன் ஊரத் தாண்டக்கூடாது, நானும் போகமுடியாது. நீங்க போயிட்டு வருவீகளா?"

தண்ணீருக்கு அடியில் இருந்தவனுக்கு என்ன தெரியும் என்று ஊரும் போலீசும் விட்டுவிட்டிருந்தார்கள். அடியில் நடந்ததை அடியில் இருந்தவன்தானே பார்த்திருப்பான் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

போகிறேன் என்று உடனே சொன்னேன். அவள் கண் கலங்கிக் கும்பிட்டாள். நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இப்படியொரு தைரியசாலியா என்று இருவரும் நினைத்திருக்கவேண்டும். போலீஸ் ஸ்டேஷன் இல்லாத திசையில் ஒரு பஸ் போகிறது என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

பஸ்ஸில் உப்பளங்களைத் தாண்டும்போதுதான் வேறு பயம் வந்தது. அந்த ஆள் வேறு மாதிரி சொன்னால்? நண்பன் சொன்னதில் ஏதாவது பொய்யாக இருந்தால்? ஏறிய இடத்திலேயே இறங்கியிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அவள் எச்சில் தொட்டுத் துடைத்தது கண்ணுக்குள்ளேயே இருந்தது. வேம்பார் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

வேம்பார்க்காரர் வீட்டு வாசலில் வலைக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. இரண்டு காதிலும் பஞ்சு. குனிந்து ரகசியமாகக் கேட்டேன்.

"என்ன?" என்றார்.

இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டேன்.

"சத்தமாச் சொல்லும். காது கேக்காது."

இத்தனை நாள் என் மனைவியிடம்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசின விஷயத்தை வேம்பார்த் தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "மச்சான் கொன்னானா? கொன்னானா இல்லையா?" என்று. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். கோழிகள் ஓடின. பக்கத்து உப்பளத்தில் வேலை செய்தவர்கள் உப்பு வாருகிற பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எவன் சொன்னான் அப்படி?" என்று அவரும் கத்தினார். எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"கல்லு எறங்கி வாரதப் பாத்தேன். கல்லு தரையில உக்காந்துது. ஆளு எந்திரிக்கல. எப்பமும் கல்ல விட்ட ஒடனே மீனு மாதிரி ஓடுத ஆளு. அன்னைக்கு அப்படியே முன்னால சாஞ்சு நெத்தி பாறையில இடிச்சுது, கை தடுக்கக்கூட இல்ல. கிட்டப் போனேன். கண்ணு தெறந்து கெடக்கு. ஒரு குமிழி வரல. கயிறு பாறையில மாட்டிக்கிட்டு. அவுத்துப் பாத்தேன், முடியல. எனக்கு மூச்சு முட்டிட்டு. என் கயித்தச் சுண்டுனேன். ரெம்ப நேரம் நின்னுட்டேம்லா, அதான் காது போச்சு. நான் மேல வாரேன், எதுக்க ஒருத்தன் எறங்கி வாரான். யாருன்னு பாத்தா கயிறு பிடிக்க அவம் மச்சான். கயிறு பிடிக்கவன் தண்ணிக்குள்ள வந்து நான் பாத்ததே இல்ல."

"அப்பம் கயிறு?" என்று கத்தினேன். "கயித்த விட்டுட்டா குதிச்சான்?"

"விடவா?" அவர் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். "இங்கன கெடந்துது."

மறுநாள் அவர் பஞ்சு வைத்த காதோடு என்னுடன் பஸ் ஏறி வந்து, சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று இதையே இதே சத்தத்தில் சொன்னார். ஸ்டேஷனுக்கு வெளியே கூடியிருந்த என் கடைப் பெஞ்சுக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும் நுரையீரலில் தண்ணீர் இல்லை, மூழ்கிச் சாகவில்லை, நெஞ்சு நின்றுதான் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டாராம்.

தங்கச்சி புருஷன் கல் தரையைத் தொடுவதற்கு முன்பே நெஞ்சு நின்று இறந்திருந்தான். கயிறு பாறையில் சிக்கியிருந்தது. என் நண்பன் அதன் நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தான்.